ஆலை இல்லா ஊரும் இலுப்பைப் பூவும்

"ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்ற பழமொழியைக் கேள்விப்படாத தமிழர் இருக்க மாட்டார். ஆனால் இலுப்பைப் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள், வாயில் போட்டுச் சுவைத்தவர்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இந்தப் பழமொழி வரும்போதெல்லாம் பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். இலுப்பை என்றால் என்ன? பூ எப்படிச் சர்க்கரை ஆகும்? முதல் கேள்விக்கு "அது ஒரு மரம்" என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளலாம். இரண்டாவது கேள்விக்குத்தான் நாம் பேச்சை மாற்றி விடுகிறோம். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வதே இந்தப் பாடம். நான் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். பொறியியல் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் தண்டவாளத்தோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஆகவே இலக்கியத்தை விடக் கணக்கு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் பொருள். ஆலை என்பது இங்கே கரும்பாலை. மாடு பூட்டிச் சுற்றும் உருளைகளுக்கிடையே கரும்பைக் கொடுத்துச் சாறு பிழிந்து, பெரிய கொப்பரையில் காய்ச்சி வெல்லம் எடுக்கும் இடம். ஆலை இல்லாத ஊரில் வெல்லத்துக்கு எங்கே போவது? அங்கே இலுப்பைப் பூவே சர்க்கரை. வித்துவான் இல்லாத ஊரில் அரைகுறையாகப் பாடுகிறவரை மேடையில் உட்கார வைக்கும்போது நாம் இந்தப் பழமொழியைச் சிரித்துக் கொண்டே எடுத்து விடுகிறோம்.

இதற்கு இணையாக இந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளியில் கேட்டிருக்கும் மலையாளப் பழஞ்சொல் ஒன்று உண்டு: "மூக்கில்லா ராஜ்யத்து முறிமூக்கன் ராஜாவு." மூக்கே இல்லாதவர்களின் நாட்டில் அறுந்த மூக்கன் அரசன். இரண்டும் ஒன்றுதான் என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. முறிமூக்கனுக்கு இருப்பது அரை மூக்கு. இலுப்பைப் பூவின் இனிப்போ முழு இனிப்பு. அது சர்க்கரை போல நடிக்கவில்லை. அதில் இருப்பதே சர்க்கரைதான். இதைச் சும்மா சொல்லவில்லை, கணக்கோடு சொல்கிறேன்.

இலுப்பை பெரிய மரம். நெல்லை, தென்காசிப் பக்கம் சாலையோரங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் குளத்தங்கரைகளிலும் பார்க்கலாம். விதையை ஆட்டி எடுக்கும் இலுப்பெண்ணெய் கோயில் விளக்குக்கு எரிந்தது. பிண்ணாக்கைத் தூளாக்கித் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு என்று வழங்கும் திருப்பழமண்ணிப்படிக்கரைக்குத் தல விருட்சம் இலுப்பை. புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர், இலங்கையில் மன்னார் மாவட்டத்து இலுப்பைக்கடவை என்று ஊர்ப் பெயர்களிலும் இந்த மரம் நிற்கிறது. சிங்களவர் இதை 'மீ' என்கிறார்கள். வடக்கே மகுவா, தெலுங்கில் இப்ப, கன்னடத்தில் இப்பெ அல்லது ஹிப்பெ. வட இந்திய மரத்துக்கு இலை சற்று அகலம். குடும்பம் ஒன்றே.

மாசி, பங்குனி வாக்கில் இலை உதிர்த்து, கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகப் பூ தலைகீழாகத் தொங்கும். இதழ்கள் தனித்தனியாக விரியாமல் ஒட்டிக்கொண்டு, சிறு கோலி அளவில், சதைப்பற்றோடு, வெளிறிய மஞ்சள் நிறத்தில் இருக்கும். இரவில் வௌவால் வந்து தின்னும். விடியும் நேரத்தில் பூ தானாகவே பொலபொலவென்று உதிரும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாம்பூ உதிர்ந்தால் நமக்கு மாங்காய் போயிற்று. இலுப்பையில் அப்படி இல்லை. கீழே விழுவது இதழ்க்குழலும் அதற்குள் இருக்கும் மகரந்தத் தாள்களும் மட்டுமே. காயாக வேண்டிய சூலகம் கிளையிலேயே நின்று விடுகிறது. எனவே விழுந்த பூவை எத்தனை கூடை பொறுக்கினாலும் காய் குறையாது, விதை குறையாது, எண்ணெயும் குறையாது. மரம் தனக்கு வேண்டியதை முடித்துக் கொண்டு, மிச்சத்தைக் கீழே போடுகிறது.

இனிக் கணக்கு. அன்று உதிர்ந்த பூவில் முக்கால் பங்கு தண்ணீர். 100 கிலோ பச்சைப் பூவை வெயிலில் காயவைத்தால் ஏறக்குறைய 25 கிலோ தேறும். காய்ந்த பூவின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைச் சத்து. ஆக 100 கிலோ பச்சைப் பூவில் 12, 13 கிலோவுக்குக் குறையாத சர்க்கரை. கரும்புக்கு வருவோம். 100 கிலோ கரும்பை ஆலையில் கொடுத்துக் காய்ச்சினால் கிடைக்கும் வெல்லம் சுமார் 10 கிலோ. பூவிலிருந்து பாகு எடுக்கும்போது சேதாரம் உண்டு என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். ஆனாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பது எனக்கே முதலில் வியப்பாக இருந்தது.

அப்படியானால் இலுப்பைப் பூ ஏன் கடைச் சரக்கு ஆகவில்லை? காரணம் உண்டு. கரும்பின் சர்க்கரை பெரும்பாலும் ஒரே வகை. காய்ச்சினால் இறுகும், அச்சில் வார்க்கலாம், வண்டியில் ஏற்றலாம். பூவில் இருப்பது தேனில் உள்ளது போன்ற குளுகோஸ், ஃபிரக்டோஸ் கலவை. எவ்வளவு காய்ச்சினாலும் பாகாகவே நிற்கும், கட்டியாகாது. ஈரம் பட்டால் புளித்துவிடும். போதாததற்கு ஒரு தனி வாடை வேறு. சிலருக்குப் பிடிக்கும், சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். விற்பனைக்கு ஏற்ற பொருள் அன்று. உண்ண ஏற்ற பொருள்.

இன்னொரு சந்தேகமும் வரும். எங்கள் நெல்லைச் சீமைக்காரர்கள் உடனே கேட்பார்கள்: "ஆலை இல்லாவிட்டால் என்ன, கருப்பட்டி இல்லையா?" நியாயமான கேள்வி. கரும்பு வேண்டுமானால் பத்து, பன்னிரண்டு மாதம் தண்ணீர் பாயும் நிலம் வேண்டும், மாடு வேண்டும், கொப்பரை வேண்டும். கருப்பட்டிக்கு நிலம் வேண்டாம், ஆனால் நாள் தவறாமல் பனை ஏற ஆள் வேண்டும். பதநீர் காய்ச்ச விறகு வேண்டும். கரும்புக்காவது சக்கையே விறகாகிவிடும். இலுப்பைப் பூவுக்கு இதில் எதுவுமே வேண்டாம். குனிந்து பொறுக்க ஒரு கை போதும். காயவைக்க வெயில் போதும். நிலமில்லாத வீட்டுக் கிழவியும், மரம் ஏறத் தெரியாத சிறு பெண்ணும் தாமே ஈட்டக்கூடிய இனிப்பு அது ஒன்றுதான். ஆலை இல்லா ஊர் என்பதை வெறும் பட்டிக்காடு என்று எடுத்துக் கொள்ளாமல், வாய்க்கால் எட்டாத ஊர் என்று படித்தால் பழமொழியின் சுவை மாறிவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்தது தமிழ்நாட்டில் அல்ல. 1994-இல் வேலை நிமித்தம் சில மாதங்கள் பிலாஸ்பூர்–கட்னி பாதையில் இருந்தேன். அன்று அது மத்தியப் பிரதேசம். 2000-இல் சத்தீஸ்கர் பிரிந்த பிறகு பாதை இரண்டு மாநிலங்களிலும் ஓடுகிறது. பேண்ட்ரா ரோடு பக்கம் காட்டுப் பகுதி. கோடை தொடங்கும் நேரத்தில், கீமேன் பாதை பார்க்கப் புறப்படும் அதிகாலையில் டிராலியில் போனால், இருட்டுப் பிரிவதற்குள் ஒவ்வொரு மகுவா மரத்தடியிலும் பெண்களும் குழந்தைகளும் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். எந்த மரம் எந்த வீட்டாருக்கு என்பது ஊருக்குத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் பொறுக்கி முடித்து, சாணம் மெழுகிய முற்றத்தில் பரப்பி விடுவார்கள். மூன்று நான்கு நாளில் பூ சுருங்கி, உலர்ந்த திராட்சை போலச் செம்பழுப்பாகிவிடும்.

கேங்மேன்கள் மதியச் சாப்பாட்டில் ஒரு நாள் எனக்கும் கொடுத்தார்கள். கடலையோடு சேர்த்து வேகவைத்த மகுவா. மற்றொரு நாள் மகுவாவை ஊறவைத்து அரைத்து மாவில் பிசைந்து சுட்ட ரொட்டி. வறுத்த பூவை எள்ளோடு இடித்து உருட்டுவதும் உண்டு. பழைய நெல் தீர்ந்து புதுப் பயிர் வராத மாதங்களில் இதுதான் பல வீடுகளுக்கு வயிற்றை நிரப்பியது என்று வயதில் மூத்த கேங்மேன் ஒருவர் சொன்னார். நாம் இனிப்பு என்று பேசுகிறோம், அவர்கள் சாப்பாடு என்று பேசினார்கள்.

மகுவா என்றதும் சாராயம்தான் பலருக்கு நினைவு வரும். உண்மைதான், காய்ந்த பூவை ஊறவைத்துப் புளிக்கவிட்டு வடிப்பார்கள். இதைக் காரணம் காட்டி 1892-இல் பம்பாய் மாகாண அரசு தாணா, கொலாபா மாவட்டங்களில் மகுவாப் பூவுக்கென்றே ஒரு சட்டம் கொண்டு வந்து, பூவைச் சேகரிப்பதையும் விற்பதையும் கட்டுப்படுத்தியது. சாராயத் தீர்வை அரசுக்குப் பெரிய வருமானம். வீட்டில் வடித்தால் அந்த வருமானம் போய்விடும். அதற்காக உணவாக உண்ட பூவையும் சேர்த்துக் கட்டினார்கள். தன் முற்றத்தில் பூவைக் காயவைத்தவர் பாடு என்னவாயிருக்கும்? உப்புக்கு வரி என்றால் நம் பாடப் புத்தகத்தில் ஒரு பாடமே இருக்கிறது. இந்தப் பூவுக்கு இருந்த சட்டத்தைப் பற்றி ஒரு வரி கூட நான் பள்ளியில் படித்ததில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்தான், காட்டு மக்கள் மரபாகச் சேகரித்து வரும் சிறு வன விளைபொருள்களின் மேல் அவர்களுக்கு உடைமை உரிமை உண்டு என்று எழுத்தில் தந்தது. இப்போது பல இடங்களில் மரத்தடியில் வலை கட்டி, மண் படாமல் பூவைப் பிடிக்கிறார்கள். முன்பு பூ கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மரத்தடிச் சருகுக்குத் தீ வைப்பார்கள், அது சில சமயம் காட்டையே பிடித்துக் கொள்ளும். வலை வந்தால் அந்தத் தொல்லையும் குறையும்.

நம் திருவனந்தபுரத்துக்கு வருவோம். மலையாளத்தில் இதன் பெயர் இலிப்ப. கேரளத்தில் இதே குடும்பத்தில் வேறு வகைகளும் உண்டு. ஆற்றங்கரைகளில் வளரும் ஆற்றிலிப்ப ஒன்று. மற்றொன்றின் கதை சுவாரசியமானது. 1835-இல் ராபர்ட் வைட் என்ற கம்பெனி மருத்துவர் சேகரித்த ஓர் இலிப்ப வகை, அதன் பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்தே போனதாகக் கருதப்பட்டது. 2020-இல் நம் மாவட்டத்துப் பாலோட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிலையத்தார் அதைக் கொல்லம் மாவட்டம் பரவூரில் ஒரு கோயில் காவில் கண்டு அறிவித்தார்கள். காவில் நின்றதால் காவிலிப்ப என்று பெயர். 180 ஆண்டுகள் கழித்து ஒரு மரத்துக்கு மறுபடியும் முகவரி கிடைத்திருக்கிறது, அதுவும் நாம் பேருந்தில் போய்வரும் தூரத்தில். ஆனால் ஒன்று: பெயரில் இலிப்ப இருக்கிறது என்பதற்காக எந்த மரத்துப் பூவையும் பொறுக்கி வாயில் போடக் கூடாது. உணவுக்குப் பழகியது நாட்டு இலுப்பையும் வடக்கத்தி மகுவாவும்தான்.

ஆகவே கடையில் வாங்குவதே நல்லது. காய்ந்த இலுப்பைப் பூவை நாட்டு மருந்துக் கடைகளில் கேளுங்கள். எனக்கு நாகர்கோவிலில் கிடைத்தது. சாலைக் கடைத்தெருவில் மருந்துக் கடையில் கேட்பதானால் ஓர் எச்சரிக்கை. ஆயுர்வேதப் பெயரில் இது மதூகம். 'தூ' நெடில். 'து' என்று குறுகச் சொன்னால் மதுகம், அது அதிமதுரத்தின் பெயர். கடைக்காரர் இரட்டிமதுரக் குச்சியைப் பொட்டலம் கட்டித் தந்துவிடுவார். அதுவும் இனிக்கும், ஆனால் பாயசம் ஆகாது. குறில் நெடில் வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இலுப்பைப் பூ என்றோ இலிப்பப் பூவு என்றோ சொல்லி, பூவைப் பிரித்துப் பார்த்தே வாங்குங்கள். வாங்கி வந்ததை ஒரு நாள் நல்ல வெயிலில் போட்டுக் காற்றுப் புகாத பாத்திரத்தில் அடையுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் திறந்து வைத்தால் ஒரு வாரத்தில் பிசுபிசுத்துப் பூசணம் பிடிக்கும்.

சமையலுக்கு 100 கிராம் பூ எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு பூவையும் கிள்ளிப் பிரித்து உள்ளே இருக்கும் தாள்களை எடுத்துவிட வேண்டும். இதுதான் பொறுமை வேண்டிய வேலை, பேரப் பிள்ளைகளை உட்கார வைத்தால் அரை மணியில் முடியும். இதைத் தவிர்த்தால் தொண்டையில் உறுத்தும், கசப்பும் தட்டும். பிறகு இளஞ்சூட்டு நீரில் மூன்று முறை அலசி மண் போக்குங்கள். இரண்டு டம்ளர் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அதே நீரோடு சிறு தீயில் இருபது நிமிடம் வேகவிட்டு, மெல்லிய துணியில் பிழிந்து எடுங்கள். கருந்தேன் நிறத்தில் சாறு வரும். அதை மறுபடி அடுப்பில் வைத்துப் பாதியாக வற்றவைத்தால் பாகு. குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் நிற்கும், வெளியே வைத்தால் மறுநாளே நுரைக்கத் தொடங்கும். நுரைத்ததைக் கொட்டிவிடுங்கள். வேறு உபயோகத்துக்கு இறங்க வேண்டாம்!

பாயசத்துக்கு அரை ஆழாக்குப் பாசிப்பருப்பை வாசனை வர வறுத்து, இரண்டாம் தேங்காய்ப் பாலில் குழைய வேகவிட்டு, இந்தப் பாகைச் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். இறக்கும் முன் முதல் தேங்காய்ப் பால், ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்குத்தூள். பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காயை நெய்யில் வறுத்துப் போட்டால் இந்த ஊர்ப் பிரதமனுக்குச் சளைக்காது. சுக்கை விட்டுவிடாதீர்கள், பூவின் வாடையை அடக்குவது அதுதான். 100 கிராம் பூவில் 50 கிராமுக்கு மேல் சர்க்கரை என்று கண்டோம் அல்லவா, அதனால் நாலு பேருக்கு மிதமான இனிப்பாகவே இருக்கும். கூடுதலாக வேண்டுவோர் கருப்பட்டி சேர்க்கலாம். என் வீட்டில் முதல் முறை செய்தபோது மருமகள் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "காபி ஊற்றினது மாதிரி இருக்கு மாமா" என்றாள். பேத்தி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சக்கையைத் தூர எறியாமல் அரைத்துக் கோதுமை மாவில் பிசைந்து சப்பாத்தி இடுங்கள், அதில் இன்னும் இனிப்பு மிச்சம் இருக்கும். நல்லெண்ணெய் தடவிச் சுட்டால் நெய்யை விடப் பொருத்தம்.

வாட்ஸ்அப்பில் இப்போதெல்லாம் "இலுப்பைப் பூ சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது" என்று எழுதிப் பரப்புகிறார்கள். இதை நம்பி ஏமாற வேண்டாம். அதில் இருப்பது முழுக்க உண்மையான சர்க்கரை என்பதுதான் இதுவரை நான் சொன்ன கணக்கின் சாரமே. காட்டில் விளைந்தது என்பதால் இரத்தத்தில் ஏறாமல் இருக்காது. மாத்திரை போடுகிற நான் இரண்டு கரண்டியோடு நிறுத்திக் கொள்கிறேன், என் வயதொத்த அன்பர்களும் அப்படியே செய்யுங்கள். அதுபோலப் பூ உணவு என்பதால் விதையும் பிண்ணாக்கும் உணவு என்று நினைத்துவிடாதீர்கள். பிண்ணாக்கில் சோப்பு போல நுரைக்கும் சபோனின் உண்டு. மீன் குளங்களில் வேண்டாத மீன்களைக் கொல்ல அதைத்தான் போடுகிறார்கள்.

ஊரில் நிலமோ காலி மனையோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலுப்பை விதை நாள்பட்டால் முளைக்காது. ஆனி, ஆடியில் பழம் உதிரும்போது பொறுக்கி, சதையைக் கழுவி, சில வாரங்களுக்குள் பையில் ஊன்றிவிட வேண்டும். அடுத்த மழைக்குத் தரையில் மாற்றலாம். பூக்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். சுவரை விட்டும் கிணற்றை விட்டும் நன்றாகத் தள்ளியே வையுங்கள், வேர் பெரிதாகப் போகும். மரத்தடித் தரையைச் சிமெண்ட் போட்டு மூடாமல் மண்ணாகவே விட்டு, பூக்கிற மாதங்களில் ஒரு பழைய கொசுவலையை நாலு கம்பில் கட்டிவிட்டால் போதும்.